அசெய்லன்ட்: மேலே சாடியவரைக் குறிக்கும் சொல்லும், அதில் நாம் செய்யும் தவறுகளும்

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தை ஒட்டி எனக்கு ஒரு தட்டச்சு, மொழிபெயர்ப்புக் கடை இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் காகிதங்கள்தான் அங்கே பாதி வேலை. சில மாதங்களுக்கு முன் கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பெண் செல்போனை நீட்டினார். “எனக்க தம்பி எழுதுன லெட்டரு. இங்கிலீசு சரியான்னு பாத்துச் சொல்லுங்க அண்ணே. ராத்திரி டூட்டி முடிஞ்சு ரூமுக்கு நடந்து வரும்போ பின்னால இருந்து ஒருத்தன் சாடி விழுந்துட்டான். கையில நாலு தையல்.”

வேலை பார்க்கும் இடத்தில் நடந்ததை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். பையன் செல்போனில் பேசியே ஆங்கிலத்தில் எழுத்தாக்கியிருந்தான். முதல் வரியிலேயே “எ சைலன்ட் கேம் ஃப்ரம் பிஹைண்ட்” என்று இருந்தது. அதாவது ‘ஓர் அமைதி பின்னாலிருந்து வந்தது’. நான்கு வரி தள்ளி “தி அசாசின் ரேன் அவே”. கடைசியில் “ப்ளீஸ் பனிஷ் மை கிரிமினல்”. மூன்று இடத்திலும் அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே சொல்தான்: அசெய்லன்ட். தாக்கியவர் என்பதற்கு ஆங்கிலச் செய்தித்தாள்களும் காவல் துறையும் நீதிமன்றமும் அன்றாடம் எடுக்கும் சொல். என் கடைக்கு வரும் காகிதங்களில் இத்தனை விதமாகப் பிழைபடும் சொல் வேறு அதிகமில்லை. பிழைபட்டால் அடிபட்டவருக்குத்தான் நட்டம் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

உச்சரிப்பிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பையன் ‘அசைலன்ட்’ என்று சொல்லியிருக்கிறான், செல்போன் அதை ‘எ சைலன்ட்’ என்று பிடித்துக்கொண்டது. செல்போன் மேல் குற்றமில்லை. எழுத்தில் ஏ, ஐ இரண்டும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்ததும் நம் நாக்கு ‘ஐ’ என்று போய்விடுகிறது. இதே பழக்கத்தில் சிலர் சொல்லும்போது அடைக்கலம் என்று பொருள்படும் ‘அசைலம்’ போலவும் கேட்கும். நடுவில் இருப்பது ‘செயில்’. படகின் பாய்க்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வோமோ, அதே ஒலி. முதல் ‘அ’வை மெல்லத் தொட்டுவிட்டு, ‘செய்’ என்பதில் அழுத்தம் கொடுத்து, ‘லன்ட்’ என்று தளர்த்தி முடிக்க வேண்டும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பது: நடுவிலே பாய் விரி.

பாய்க்கும் இந்தச் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் உறவு எதுவும் இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. ஆனால் தமிழில் படகில் விரிப்பதும் பாய், புலி செய்வதும் பாய். அசெய்லன்ட் என்ற சொல்லுக்குள் இருப்பது அந்த இரண்டாவது பாய்தான்.

லத்தீனில் ‘சலிரே’ என்றால் குதிப்பது, தாவுவது. ‘அட்’ என்ற முன்னொட்டு ‘நோக்கி’ என்ற பொருளைத் தரும். இரண்டும் சேர்ந்து ஒருவர் மேல் பாய்வது என்றானது. அது பழைய பிரெஞ்சு வழியாக 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு ‘அசெய்ல்’ என்ற வினையாக வந்தது. பாய்ந்தவரைக் குறிக்கும் ‘அசெய்லன்ட்’ 16-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ‘அசால்ட்’ என்பதும் இதே குடும்பம். துள்ளி மீள்வதைச் சொல்லும் ‘ரெசிலியன்ட்’, குட்டிக்கரணத்தைச் சொல்லும் ‘சமர்சால்ட்’, ஏன், அவமதிப்பைச் சொல்லும் ‘இன்சல்ட்’கூட அந்தக் குதியில் பிறந்தவைதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. நம் பேச்சில் சாடுவது என்றால் குதிப்பது. குளத்தில் சாடிக் குளிப்போம், மதில் ஏறிச் சாடுவோம். அதே சொல் செய்தித்தாள் தமிழில் ‘எதிர்க்கட்சித் தலைவர் அரசைச் சாடினார்’ என்று வருகிறது, அங்கே தாக்குவது என்ற பொருள். குதிப்பதும் தாக்குவதும் ஒரே சொல்லில். லத்தீன்காரர் சலிரேயிலிருந்து நடந்துபோன அதே வழியில் நம் சாடலும் போயிருக்கிறது. தம்பியைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண் “சாடி விழுந்துட்டான்” என்றாரே, அகராதி தராத துல்லியம் அந்தச் சொல்லில் இருந்தது.

லத்தீன் நமக்கு அவ்வளவு தூரத்து மொழியும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்வரை கடற்கரைக் கோயில்களில் பூசை அந்த மொழியில்தான் நடந்தது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள், டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர்ப் படைத் தளபதியான டிலனாய் கல்லறையில் லத்தீனும் தமிழும் ஒரே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

இந்த வரலாற்றை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அசெய்லன்ட் என்ற சொல் ஒரு செயலை மட்டும்தான் சொல்கிறது: இவர் பாய்ந்தார். அவர் யார், கெட்டவரா, கொன்றாரா, கூலிக்கு வந்தவரா, சட்டப்படி குற்றவாளியா என்று எதையும் அது சொல்வதில்லை. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, சொல்லாததை அதன் தலையில் ஏற்றுவதால் வருபவை.

அசாசின் என்று எழுதுவது அதில் முதலாவது. இரண்டு சொல்லும் ஒரே மாதிரி தொடங்குவதால் உறவு என்று நினைக்கிறோம். உறவே இல்லை. அசாசின் அரபியிலிருந்து வந்தது. வட ஈரானில் அலமூத் மலைக்கோட்டையை 1090-இல் பிடித்து, மங்கோலியரிடம் 1256-இல் இழக்கும்வரை அங்கிருந்து இயங்கிய நிஸாரி இஸ்மாயிலிகள் என்ற ஷியா முஸ்லிம் பிரிவினரை அவர்களின் பகைவர்கள் அழைத்த பெயரிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன சொல். இன்று அசாசின் என்றால், முக்கியமான ஒருவரைத் திட்டமிட்டு, அரசியலுக்காகவோ பணத்துக்காகவோ கொலை செய்பவர். கொலை நடந்திருக்க வேண்டும், அல்லது அதுவே குறியாக இருந்திருக்க வேண்டும். கையில் நாலு தையலோடு உயிரோடு இருக்கும் பையன், தன்னை அசாசின் தாக்கினான் என்று எழுதினால், படிக்கும் அதிகாரிக்குச் சந்தேகம் பையன் மேல்தான் வரும். இவன் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிப்பார். தமிழிலும் இதே தவறு உண்டு. அசெய்லன்ட் என்பதைக் ‘கொலையாளி’ என்று மொழிபெயர்த்து, அடுத்த வரியிலேயே ‘பாதிக்கப்பட்டவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார்’ என்று எழுதியதை நானே திருத்தியிருக்கிறேன்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘முருகன்ஸ் அசெய்லன்ட்ஸ்’ என்று ஓர் அறிக்கையில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் போட்டால் ‘முருகனின் தாக்குதல்காரர்கள்’. தமிழில் படிக்கிறவருக்கு என்ன புரியும்? முருகனின் ஆட்கள், முருகன் ஏவிவிட்டவர்கள். உண்மையில் ஆங்கிலம் சொல்வது நேர் எதிரானது: முருகனைத் தாக்கியவர்கள். அடி வாங்கியவர் அடியாள் வைத்தவராகிவிட்டார். ‘மை டாக்டர்’ என்றால் எனக்கு மருத்துவம் பார்ப்பவர். அதே போல ‘மை அசெய்லன்ட்’ என்றால் என்மேல் பாய்ந்தவர். தமிழில் இதற்கு ‘இன்’ உருபு ஒத்துவராது, ‘ஐ’ உருபுதான் வேண்டும். ‘முருகனைத் தாக்கியவர்கள்’ என்று முழுசாக எழுதிவிட்டால் தீர்ந்தது. ஒரு நிலத் தகராறு வழக்கில் இந்த ஒரு உருபு மாறியதால் ஒரு பெரியவர் தன் மொழிபெயர்ப்பைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டி வந்தது. தோப்பில் வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் அலைந்தார்.

அடுத்தது ‘கிரிமினல்’, ‘குற்றவாளி’ விவகாரம். அடிபட்டவருக்குத் தன்னை அடித்தவன் குற்றவாளிதான், அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எழுத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல் இருக்கிறது. தாக்குதல் நடந்த நொடியில் இருப்பவர் அசெய்லன்ட். போலீஸ் ஒருவரை விசாரிக்கும்போது அவர் சந்தேக நபர். வழக்கில் பெயர் சேர்ந்ததும் குற்றம் சாட்டப்பட்டவர். நம் காவல் நிலையத் தமிழில் அவர் ‘எதிரி’, பேச்சில் ஏ-ஒன்று, ஏ-இரண்டு. நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் குற்றவாளி. இதில் ‘எதிரி’ என்ற காகிதச் சொல் பலரைக் குழப்புகிறது. “எனக்கு அவன் எதிரியே இல்ல சார், யாருன்னே தெரியாது” என்று ஒருவர் படபடத்துப்போனார். அது பகைவன் என்ற பொருளில் அல்ல, வழக்கில் எதிர்த்தரப்பு என்ற பொருளில் என்று விளக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த எதிரியை ‘எனிமி’ என்று போட்டுவிடக் கூடாது. அவர் ‘அக்யூஸ்ட்’.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘ஓர் அசெய்லன்ட் கத்தியால் குத்தினார்’ என்று எழுதும்போது முன்னால் ‘அலெஜ்ட்’ போடத் தேவையில்லை. காயம் இருக்கிறது, குத்தியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு பெயரை ஒட்டிய மறுகணம் ‘அலெஜ்ட் அசெய்லன்ட்’, அதாவது ‘தாக்கியதாகக் கூறப்படுபவர்’ ஆகிவிடும். பாய்ந்தது நடந்தது, பாய்ந்தவர் இவர்தான் என்பது இன்னும் நிரூபிக்க வேண்டியது. அரசு மருத்துவமனையில் தரும் ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலை, பார்த்திருப்பீர்கள். இத்தனை மணிக்கு, இன்ன இடத்தில், தெரிந்த இரண்டு நபர்களால் கம்பால் தாக்கப்பட்டதாக ‘அலெஜ்ட்’ என்றுதான் மருத்துவர் எழுதுவார். அவர் பார்த்தது காயத்தை, தாக்குதலை அல்ல. அந்த ‘தாக’வை மொழிபெயர்ப்பில் விழுங்கிவிடுபவர்கள் மருத்துவரைச் சாட்சியாக்கிவிடுகிறார்கள்.

ஆங்கிலச் செய்தியில் ‘அன்ஐடென்டிஃபைட் அசெய்லன்ட்’ என்று வந்தால் தமிழில் உடனே ‘மர்ம நபர்’. இது எனக்குப் பிடிப்பதில்லை. அடையாளம் தெரியவில்லை என்பது ஒரு தகவல், மர்மம் என்பது ஒரு கதை. ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று எழுத ஒரு சொல் கூடும், அவ்வளவுதான்.

சட்டத்துக்குள் போனால் ‘அசால்ட்’ என்பதில் எல்லோருக்கும் ஒரு தடுமாற்றம். அசால்ட் என்றால் அடிப்பது என்றே நினைக்கிறோம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 351-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 130-ஆம் பிரிவும் சொல்வது வேறு. ஒருவர் காட்டும் சைகையோ செய்யும் ஆயத்தமோ, இப்போது என்மேல் கை வைக்கப் போகிறார் என்ற அச்சத்தை எதிரில் இருப்பவருக்குக் கொடுத்தாலே அது அசால்ட். தொட வேண்டியதில்லை. சட்டத்தில் இருக்கும் எடுத்துக்காட்டுகளே அழகானவை: முஷ்டியை ஓங்கி ஆட்டுவது, கடிக்கிற நாயின் வாய்ப்பூட்டைக் கழற்றத் தொடங்குவது. வெறும் வார்த்தை மட்டும் அசால்ட் ஆகாது, ஆனால் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்லும் வார்த்தை அந்தச் செயலுக்குப் பொருள் கொடுக்கும். ஆகவே புகாரில் ‘அசால்ட் செய்தார்’ என்று மட்டும் எழுதிவிட்டு, தையல் போட்டதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடக் கூடாது. எங்கே அடித்தார், எதனால் அடித்தார், என்ன காயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். காயம் ஏற்படுத்துவதற்கு நியாய சன்ஹிதாவில் 115-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

அசெய்லன்ட் என்ற சொல்லும் இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. தற்காப்பு உரிமையைப் பேசும் 38-ஆம் பிரிவு, முன்பு தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு. எந்தெந்த நிலையில் தன் உடலைக் காக்க அசெய்லன்டுக்கு மரணம் வரை விளைவிக்கலாம் என்று அது ஏழு வகையாகச் சொல்கிறது. அங்கே ஏன் ‘குற்றவாளி’ என்ற சொல் இல்லை? அந்த நொடியில் நீதிமன்றமும் இல்லை, போலீஸும் இல்லை. பாய்கிற ஒருவர், பாயப்படுகிற ஒருவர், இருவர்தான் இருக்கிறார்கள். அந்த இருவரில் ஒருவரைக் குறிக்க அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

அக்ரெசர் என்பதை இதற்கு மாற்றாகப் போடலாமா என்று கேட்பார்கள். அக்ரெசர் என்பது லத்தீனில் ‘அடி எடுத்து வைத்தல்’ என்ற வேரிலிருந்து வந்தது. வம்பை முதலில் தொடங்கியவர், எல்லை தாண்டி வந்தவர். பல இடத்தில் இருவரும் ஒருவரே, ஆனால் எப்போதும் அல்ல. நம் கடற்கரையில் நடந்த குளச்சல் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1741-இல் கடல் வழியே வந்து கரையிறங்கியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, ஆக அக்ரெசர் அவர்கள். பிறகு குளச்சலில் அரண் அமைத்து உள்ளே இருந்த அவர்களைச் சூழ்ந்து தாக்கியது திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை. கோட்டைப் போர் பற்றிய ஆங்கில எழுத்தில் அரணை நோக்கிப் பாய்பவர்களுக்கு அசெய்லன்ட்ஸ் என்று பெயர் உண்டு. அப்படிப் பார்த்தால் அங்கே அசெய்லன்ட்ஸ் திருவிதாங்கூர் வீரர்கள். தவறு அவர்கள் பக்கம் என்று அதற்குப் பொருள் இல்லை. ஊரில் அடிதடி நடந்து இரு தரப்பும் கேஸ், கவுண்டர் கேஸ் கொடுக்கும்போது இந்த வேறுபாடு உதவும். முதலில் கை ஓங்கியது யார் என்பதுதான் கேள்வி என்றால் எழுத வேண்டியது அக்ரெசர்.

பந்து விளையாட்டில் இந்தச் சொல்லுக்கு இடமில்லை. தூத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் ஆடும் கால்பந்தில் முன்னால் நின்று கோல் போடுபவர் அட்டாக்கர், அவரை அசெய்லன்ட் என்றால் எதிர் அணிக்காரரின் காலை ஒடித்தவர் என்று பொருளாகிவிடும். கணினிக்குள் புகுந்து கடவுச்சொல் திருடுபவரும் அட்டாக்கர்தான். கடித்த நாய்க்கும் மிதித்த யானைக்கும் இது பொருந்தாது. வீட்டுப் பேச்சிலும் வேண்டாம், இது காகிதத்துக்கான சொல்.

எழுத்துப் பிழைக்கு வருகிறேன். ஏ, எஸ், எஸ், ஏ, ஐ, எல், ஏ, என், டி. எஸ் இரண்டு. கடைசியில் ‘ஏ, என், டி’, ‘ஈ, என், டி’ அல்ல. சர்வன்ட், அசிஸ்டன்ட், டிஃபென்டன்ட் போல, செயலைச் செய்கிறவர் என்று காட்டும் பிரெஞ்சு வால் அது. நடுவில் செயில் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பாதிப் பிழை தானே போய்விடும். ‘அசெய்லர்’ என்ற வடிவமும் ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் புழக்கம் குறைவு, மனுவில் அதைப் போட வேண்டாம். முன்னால் வருவது ‘ஆன்’, ‘எ’ அல்ல.

தமிழாக்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது, இது முழுக்க நம் மொழிக்கே உரியது. அசெய்லன்ட் ஆணா பெண்ணா என்று ஆங்கிலம் சொல்லவில்லை. ‘தாக்கியவன்’ என்று எழுதினால் ஆண் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ‘தாக்கியவர்’ என்றால் அடிபட்ட வீட்டாருக்கு எரிகிறது. அந்தப் பெண்ணும் கேட்டார்: “வெட்டுனவனுக்கு என்ன அண்ணே ‘அவர்’ மரியாத?” அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் எழுதும் மனுக்களில், தாக்கப்பட்டவரே சொல்லும் வாக்குமூலம் என்றால் அவர் வாயில் வந்தபடி ‘அவன்’ என்றே விடுகிறேன். அது அவர் குரல். மூன்றாம் ஆளாக நின்று மொழிபெயர்க்கும்போது ‘தாக்கிய நபர்’ என்று எழுதுகிறேன். அது யாரையும் உயர்த்தவும் இல்லை, ஆண் பெண் என்று முடிவு கட்டவும் இல்லை.

அன்று அந்தக் கடிதத்தை அக்காவும் தம்பியுமாக வீடியோ காலில் இருக்க, மூன்று பேரும் சேர்ந்து திருத்தினோம். அமைதி போனது, அசாசின் போனது. ‘கிரிமினல்’ இருந்த இடத்தில் பையன் முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. “என்ன வெட்டியிருக்கான், வேற என்ன சொல்லணும்?” என்றான். இருட்டில் முகம் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றான். அப்படியானால் பார்க்கவில்லை என்பதையே எழுது, அதை யாரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றான். பிறகு, நடுவிலே செயில் சொல்லு என்று சொல்லிக்கொடுத்து, செல்போனில் பேசச் சொன்னேன். இரண்டு முறை ‘சைலன்ட்’ என்றே விழுந்தது. மூன்றாம் முறை சரியாக விழுந்து, திரையைப் படம் பிடித்து அனுப்பினான்: “ஐ டிட் நாட் சீ மை அசெய்லன்ட்ஸ் ஃபேஸ்.” என்மேல் சாடியவனின் முகத்தை நான் பார்க்கவில்லை.